எரியும் குடோனைச் சுற்றி நிற்கும் ஊர்

பல்லடம், சோமனூர், அவினாசி, உடுமலை வட்டாரங்களில் ஒரு பஞ்சுக் குடோன் தீப்பிடித்தால், தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் அந்த இடத்தில் ஒரு கூட்டம் திரண்டுவிடும். புகை எழும் திசையை மொட்டைமாடியிலிருந்து பார்த்தே எந்த மில் என்று கணித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் அதில் இருப்பார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டவர்கள் இருப்பார்கள். மகளோ மருமகனோ அங்கே வேலை செய்வதால் நெஞ்சு பதைத்து ஓடிவந்தவர்களும் இருப்பார்கள். மறுநாள் செய்தியில் இவர்கள் எல்லோரும் சேர்ந்து "போக்குவரத்துக்கு இடையூறு" என்ற ஒற்றை வரியாகிவிடுகிறார்கள். இடையூறு என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கூட்டம் ஏன் கூடுகிறது, கொங்கு நாட்டுத் தீ விபத்துகளின் தன்மைக்கும் அதற்கும் என்ன தொடர்பு, கூடியவர்களை என்ன செய்யச் சொல்லலாம் என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்குவதில்லை. தீயணைப்புத் துறை என்று ஒன்று ஊர்ப்புறத்தை எட்டாத காலத்தில் கூட்டம்தான் தீயை அணைத்தது. அந்த வேலை கையைவிட்டுப் போன பிறகும் ஓடிவருகிற பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது. ஓடிவந்தவர் நெருங்கி நிற்கவே கூடாத வகையைச் சேர்ந்ததாக இதற்கிடையில் தீயும் மாறிவிட்டது.

எரிவது எது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் தொடங்கப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு நூற்பாலைகள் மளமளவென்று பெருகின. இன்று இந்த நிலப்பரப்பில் பஞ்சும் அதன் உறவுப் பொருள்களும் இல்லாத சாலையைக் காண்பது அரிது. பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் பேக்டரி, நூற்பாலை, கழிவுப்பஞ்சை நூலாக்கும் ஓ.இ. மில், தறிக்குடோன், பனியன் கம்பெனி, கட்டிங் வேஸ்ட் குடோன் என்று ஒரே இழை பல கைகள் மாறுகிறது. மாறும் இடமெல்லாம் அது குவித்து வைக்கப்படுகிறது. பொள்ளாச்சி, காங்கயம் பக்கம் போனால் தென்னை நார் மில்களும் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் வந்துவிடுகின்றன. இவை அனைத்தும் எளிதில் பற்றக்கூடியவை. அதைவிட முக்கியமாக, எளிதில் அணையாதவை.

நூற்பாலையில் தீ பெரும்பாலும் புளோரூமில், அதாவது பேல் எனப்படும் பஞ்சுப் பொதியைப் பிரித்துப் பஞ்சை உதிர்த்துச் சுத்தம் செய்யும் பகுதியில் தொடங்குகிறது. பஞ்சோடு கலந்து வந்த ஒரு கம்பித் துண்டோ சிறு கல்லோ வேகமாகச் சுழலும் இரும்புப் பற்களில் மோதி ஒரு பொறியைக் கிளப்பினால் போதும். பஞ்சைக் காற்றால் உறிஞ்சிக் கொண்டுசெல்லும் குழாய் அந்தப் பொறியையும் சேர்த்தே அடுத்த இயந்திரத்துக்கும் தூசு சேரும் அறைக்கும் கொண்டுபோய்விடும். காந்தங்கள், உலோகங்காட்டிகள், பொறியை உணர்ந்து பஞ்சின் பாதையைத் திருப்பிவிடும் கருவிகள் எல்லாம் இதற்காகவே நல்ல ஆலைகளில் பொருத்தப்படுகின்றன. பழைய இயந்திரங்களை வாங்கி ஓட்டும் சிறிய ஆலைகளில் இவை எல்லாம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கூரைச் சட்டங்களிலும் டியூப் லைட் மேலும் படிந்திருக்கும் பஞ்சுத் தூசு வேறு, ஒரு முனையில் பற்றினால் மறு முனைக்குக் கண் இமைக்கும் நேரத்தில் தீயைக் கடத்தும்.

குடோனில் அடுக்கிய பேலின் நடத்தை வேறு விதமானது. சுமார் 170 கிலோ பஞ்சை இறுக்கி அழுத்திக் கட்டியது ஒரு பேல். வெளிப்பரப்பு சுவாலையோடு எரிந்து கருகியதும் தீ உள்ளே நுழைந்து, சுவாலை இல்லாமல் கனன்றுகொண்டே இருக்கும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அது உள்ளே போவதில்லை. ஜேசிபி வைத்து ஒவ்வொரு பேலாக வெளியே இழுத்து, பிரித்து, நனைத்து, மறுபடியும் பிரித்தால்தான் முடியும். ஒரு நாளில் முடிகிற வேலையாக இது இருப்பதில்லை. நார்க்கழிவுக் குவியலும் இப்படித்தான், மேலே சாம்பல் பூத்து உள்ளே நாள்கணக்கில் கனலும். ஒரு கடையில் பற்றும் தீ அரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் அதைப் பார்க்கப் பத்துப் பேர்தான் வர முடியும். பஞ்சுக் குடோன் தீயோ முழு இரவும் மறுநாளும் எரிவதால் அதைப் பார்க்க வெளியூரிலிருந்தே ஆள் வந்துவிட முடிகிறது. கொங்கு நாட்டில் தீ விபத்துக்குக் கூடும் கூட்டத்தின் அளவை முதலில் தீர்மானிப்பது எரியும் பொருள்தான் என்று நான் கருதுவது இதனால்தான்.

இதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தை ஒட்டி வீசும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்தில் ஆளையே தள்ளும். அங்கே காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதும் அதனால்தான். மாசி, பங்குனி வெயிலில் காய்ந்த பொருளில் தீ எளிதில் பற்றுகிறது என்றால், ஆடிக்காற்றில் பற்றிய தீ ஒரு களத்திலிருந்து அடுத்த களத்துக்குத் தாவுகிறது. காற்று வீசும் பக்கத்தில் நின்று பார்க்கிறவர் மீது எரியும் நார்த்துகள்கள் வந்து விழும். புகையின் திசை நொடியில் மாறிவிடும்.

கட்டடங்கள் ஓலையாக இருந்த காலத்தில் நிலைமை வேறு. பனையோலையோ தென்னங்கீற்றோ கரும்புச் சோகையோ வேய்ந்த சாளைகள், அதாவது குடிசைகள், நெருங்கி இருந்த ஊர்களில், ஒரு கூரையில் தீ ஏறியது என்றால் கூப்பிட்ட குரலுக்கு ஊரே வந்தாக வேண்டும். வராதவர் வீடும் அடுத்துப் பற்றும். ஆனால் கொங்குக் கிணறுகள் ஆழமானவை. மாடு கட்டி இழுக்கும் கவலை பூட்டி இறைக்கும் அந்தத் தண்ணீரை நினைத்த நேரத்தில் குடம் குடமாக மொண்டுவர முடியாது. அதனால் எரிகிற கூரையைக் காப்பாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டு, முதலில் மாடு கன்றின் கயிற்றை அறுத்துவிட்டு, பிறகு காற்று போகும் பக்கத்து வீட்டுக் கூரையைத் தொரட்டி போட்டு இழுத்துப் பிரித்துவிடுவார்கள். வைக்கோல் போருக்கும் சோளத்தட்டுப் போருக்கும் இடையே ஈரச்சாக்கோடு ஆட்கள் நிற்பார்கள். எரிவதற்கு எதுவும் கிடைக்காமல் தீ தானே நிற்க வேண்டும் என்பதுதான் அங்கே உத்தி. காட்டுத்தீக்கு வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் இதே முறைதான். அந்தக் கூட்டத்தில் சும்மா நின்றவர் குறைவு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கூடப் பாத்திர பண்டங்களைத் திண்ணைக்கு எடுத்துப் போட்டிருப்பார்.

கோவைக்கு இன்னொரு வகைத் தீயும் அறிமுகமாகியிருந்தது. ரயில்வேயில் எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ என்று படம் எடுப்பதும் காட்டுவதும் கொங்கு நாட்டில் பெருந்தொழிலானது. அந்நாளையப் படச்சுருள் நைட்ரேட் சுருள். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளிவிடுவதால் அதை மணல் போட்டு மூடியும் அணைக்க முடியாது. தண்ணீருக்கு அடியிலும் எரியும். 1950களின் தொடக்கத்தில் பாதுகாப்பான சுருள் வரும்வரை உலகெங்கும் இதே நிலைதான். புரொஜக்டர் அறையை இரும்புக் கதவோடு தனியாகக் கட்ட வேண்டும், படம் விழும் சிறு துளைகளுக்குச் சட்டென்று விழும் இரும்பு மூடி வேண்டும் என்ற விதிகளெல்லாம் இந்தச் சுருளை அஞ்சியே பிறந்தன. கீற்றுக் கொட்டகையில் நடந்த டூரிங் டாக்கீஸ்களை நினைத்துப் பார்த்தால், அங்கே வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே தீக்குள் சிக்கிக்கொள்ளும் கூட்டமாகவும் இருந்தது என்பது புரியும்.

கூரை வேய்ந்த இடமும் கூட்டமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2004இல் ஒரே ஆண்டில் இரண்டு முறை கண்டது. ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் வீடியோ விளக்கு தொடர்பான மின்கோளாறில் பற்றிய தீ மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சத்துணவுக் கூடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். அதன் பின்னர் பள்ளிகளில் கீற்றுக் கூரை அகற்றப்பட்டது. மண்டபங்களிலும் கட்டுப்பாடு வந்தது. காவிரிக் கரையில் நடந்த அந்த இரண்டு துயரங்களும் கொங்குப் பகுதியின் பள்ளிக் கூரைகளையும் மாற்றின என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கீற்று போன இடத்தில் பெரும்பாலும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டும் வந்தன.

இப்போது ஆட்கள் ஏன் கூடுகிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். பொதுவான மனித இயல்பு என்று சொல்லிவிடலாம். அதற்குச் சான்றும் உண்டு. 1969இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவரது தோழர்களும் நியூயார்க் நடைபாதை ஒன்றில் ஆட்களை நிறுத்தி எதிரே இருந்த கட்டடத்தின் ஆறாவது மாடியை அண்ணாந்து பார்க்கச் செய்தார்கள். ஒருவர் மட்டும் பார்த்தபோது வழிப்போக்கர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது 40 சதவீதம் பேர் நின்றுவிட்டார்கள். கூட்டமே கூட்டத்தை இழுக்கிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான இன்னொரு சோதனை. லத்தானே, டார்லி என்ற உளவியலாளர்கள் இருவர், கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் புகையைச் செலுத்தினார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்த் தகவல் சொன்னார்கள். எதையும் பொருட்படுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு அமர்ந்திருந்தவர்களிலோ 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மற்றவர் முகத்தில் பதற்றம் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று மனம் கணக்குப் போடுகிறது. பனியன் கம்பெனியின் மேல்மாடியில் புகை வாசம் வரும்போது சூப்பர்வைசர் எழுந்திருக்காதவரை டெய்லர்கள் எழுந்திருக்காததற்கும், வெளியே முன்வரிசையில் நிற்பவர் பின்வாங்காதவரை பின்வரிசையும் நகராததற்கும் காரணம் ஒன்றுதான். உள்ளே இருப்பவர் வெளியேறத் தாமதிப்பதும் வெளியே இருப்பவர் விலகத் தாமதிப்பதும் ஒரே மனப்போக்கின் இரண்டு பக்கங்கள்.

ஆயினும் மனித இயல்பு என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கொங்கு நாட்டின் தனித்தன்மை தவறிவிடும். ஒரு மில் எரிந்தால் இங்கே அதைச் சார்ந்திருக்கும் குடும்பங்கள் அதன் வேலையாட்களோடு முடிவதில்லை. நூல் எடுத்துத் தறி ஓட்டுகிறவர், வேஸ்ட் வாங்குகிறவர், வேன் ஓட்டுகிறவர், மெஸ் நடத்துகிறவர், ஜாப் ஒர்க்குக்கு முன்பணம் கொடுத்தவர் எனச் சங்கிலி நீளும். திருப்பூரில் 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் வரிசையாகக் கடைகள் எரிந்தபோது, அங்கே ஓடிவந்தவர்களில் கணிசமானோர் கடைக்காரர்களுக்குச் சரக்கு கொடுத்துப் பணம் வர வேண்டியவர்களாகவோ அவர்களிடம் வாங்கிப் பிழைக்கும் சிறு வியாபாரிகளாகவோ இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பதற்கு அந்த ஊரின் வணிகத்தைத் தெரிந்திருந்தாலே போதும். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் "ஏனுங்க, உள்ள ஆருமில்லீங்களே?" என்பதுதான். இரண்டாவது கேள்விதான் சரக்கைப் பற்றியது. இவர்களை வெறும் பார்வையாளர்களாகக் கருதி விரட்டுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன்.

அதே சமயம், நிற்பதன் விலை என்ன என்பதையும் மறைக்கக் கூடாது. வழக்கமான தீயணைப்பு வண்டி ஒன்று சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் கொண்டுவருகிறது. ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் அடித்தால் பத்து நிமிடத்தில் வண்டி காலி; இரண்டு குழாய் என்றால் ஐந்தே நிமிடம். தெருக்குழாயிலிருந்து தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் வசதி மேலைநாட்டு நகரங்களில் இருப்பதுபோல இங்கே ஊர்ப்புறச் சாலைகளில் இல்லை. எனவே கொங்கு நாட்டில் ஒரு பெரிய தீயை அணைப்பது என்பது, உண்மையில், தண்ணீர் லாரிகளை இடைவிடாமல் சுழற்றும் வேலை. பல மில்கள் இருபுறமும் வேலி நிற்கும் தோட்டத்து வழியான இட்டேரியை அகலப்படுத்திய குறுகிய சாலையில் இருக்கின்றன. அதன் இருபுறமும் பைக்குகள் நின்றுவிட்டால் காலி லாரி வெளியேற முடியாமல் நிறைந்த லாரி உள்ளே வர முடியாமல் இரண்டும் எதிரெதிரே நிற்கும். அந்தப் பத்து நிமிட இடைவெளியில் அணைந்த பகுதி மீண்டும் பற்றிக்கொள்ளும். தீயில் எரிந்த சரக்கின் ஒரு பங்கு சாலையோரத்தில் நிறுத்திய பைக்குகளால் எரிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

கூட்டத்துக்கே நேரும் ஆபத்து இதைவிடப் பெரியது. இரும்புச் சட்டத்தில் நிற்கும் குடோன் கூரை எரிந்து சாம்பலாக வேண்டியதே இல்லை. 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இரும்பு தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்து வளையத் தொடங்கும். வளையும் சட்டம் பக்கச்சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுகள் சூட்டில் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். தண்ணீரைக் குடித்து உப்பிக் கனத்த பஞ்சு மேல்தளத்தில் இருந்தால் தளமே பாரம் தாங்காமல் இறங்கலாம். ஆகவேதான் சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது என்பது தீயணைப்போரின் பொது விதி. 2017 மே 31 அன்று, திருப்பூரில் வேரூன்றிய சென்னை சில்க்ஸ் நிறுவனத்தின் சென்னை தி.நகர் கடையில் அடித்தளத்தில் பற்றிய தீ பகல் முழுவதும் ஓயாமல் எரிந்து, மறுநாள் அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. சாலையை அடைத்து, பக்கத்துக் கட்டடங்களைக் காலி செய்து, மக்களை முன்கூட்டியே விலக்கி வைத்திருந்ததால் அந்தச் சரிவில் கீழே யாரும் சிக்கவில்லை.

புகையும் பழைய புகை அல்ல. ஓலைப் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும். இன்றைய குடோனில் பாலியஸ்டரும் எலாஸ்டிக்கும் பாலித்தீன் பையும் ரெக்சினும் பஞ்சோடு சேர்ந்து எரிகின்றன. கார்பன் மோனாக்சைடோடு, நைட்ரஜன் கலந்த செயற்கை இழைகளும் நுரைப்பஞ்சும் எரியும் இடத்தில் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். கோவை அவினாசி சாலையில் ஒரு வணிக வளாகத்தில் 2012 ஏப்ரலில் நடந்த தீ விபத்தில் பெண் ஊழியர்கள் உயிரிழந்தார்கள். மாடிக் கட்டடத் தீயில் சுவாலை நெருங்கும் முன்பே புகைதான் ஆளைச் சாய்க்கும்.

எரிவது என்னவென்று தெரியாமல் நெருங்குவதே எல்லாவற்றிலும் கொடியது. 2022ஆம் ஆண்டின் கடைசி நாள் அதிகாலையில் நாமக்கல் மாவட்டம் மோகனூரில் ஒரு வீட்டில் வைத்திருந்த பட்டாசுகள் வெடித்து நால்வர் இறந்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் சேதமடைந்தன. 2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில் சமையல் எரிவாயு கசிந்து வெடித்து வீடுகள் இடிந்தபோது, இறந்தவர்களில் அடுத்த வீட்டில் குடியிருந்த ஒரு தீயணைப்பு அலுவலரும் இருந்தார். வெளியே தெரிவது வீடு. உள்ளே இருப்பது என்ன என்று வாசலில் நிற்பவருக்குத் தெரிவதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறோமே, அது பஞ்சோடு தொடர்புடைய ஒரு தீயின் நினைவுதான். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் பஞ்சு பேல்களையும் சுமார் 1,400 டன் வெடிபொருளையும் ஒன்றாகச் சுமந்து நின்றது. பிற்பகலில் பஞ்சில் புகை கண்டது. தீயணைப்போர் இரண்டு மணி நேரம் போல் தண்ணீரைக் கொட்டியும், பேலுக்குரிய அதே குணத்தால், தீ அடங்கவில்லை. வெடிபொருள் இருப்பதை எச்சரிக்கும் சிவப்புக் கொடி ஏற்றப்படாததால், சுற்றியிருந்தவர்களுக்கு அதன் ஆபத்து தெரியவில்லை. நான்கு மணி கடந்த சில நிமிடங்களில் முதல் வெடிப்பும் அரை மணிக்குப் பின் இரண்டாவதும் நிகழ்ந்தன. 66 தீயணைப்போர் உட்பட எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் உரம் ஏற்றிய கப்பலில் கிளம்பிய புகையின் வினோதமான ஆரஞ்சு நிறத்தைப் பார்க்கவே மக்கள் கரைக்கு வந்து நின்றார்கள். அங்கே 581 பேர் இறந்தார்கள்.

விலகி நிற்கக் கொங்கு மக்களுக்குத் தெரியாது என்பதல்ல. 2025 ஜனவரி 3 அன்று அதிகாலையில் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயு ஏற்றிவந்த டேங்கர் லாரி கவிழ்ந்து வாயு கசிந்தது. தீயணைப்புத் துறையினர் இடைவிடாமல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். மேம்பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. அடுப்பு பற்றவைக்க வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது. நகரின் நடுநாடியான சாலையில், பல மணி நேரம் கழித்து டேங்கர் தூக்கி நிறுத்தப்படும்வரை உயிர்ச்சேதம் ஏதும் நேரவில்லை. ஆபத்து இன்னது, அதன் எல்லை இவ்வளவு தூரம் என்று காலையிலேயே தெளிவாகச் சொல்லப்பட்டதால் மக்கள் கேட்டுக்கொண்டார்கள். பஞ்சுக் குடோன் தீயில் யாரும் அப்படி ஒரு எல்லையைச் சொல்வதில்லை. ஒலிபெருக்கியில் "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று மட்டுமே கேட்கிறது. எதிலிருந்து, எவ்வளவு தூரம், எதற்காக என்பது கேட்பதில்லை.

தீயைச் சுற்றிப் பெருங்கூட்டம் ஒழுங்காக நிற்பதைக் காண வேண்டுமானால் பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போகலாம். தீமிதிக்கும் குழியான அம்மன் குண்டத்துக்கு எரிகரும்பு எனப்படும் விறகை அடுக்கிக் கனலாக்கி, விடிவதற்கு முன் பூசாரி முதலில் இறங்க, பின்னால் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நடக்கிறார்கள். பாரியூரிலும் பெருமாநல்லூரிலும் ஆனைமலையிலும் இதே முறைதான். குண்டத்தின் ஓரம் யார் நிற்கலாம், எந்த வழியில் வந்து எந்த வழியில் போக வேண்டும், இடறி விழுந்தால் தூக்கிவிடக் கரையில் யார் இருக்க வேண்டும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டிருக்கிறது. தீயணைப்பு வண்டியும் பக்கத்திலேயே நிற்கும். அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. விபத்தில் கூடும் கூட்டத்துக்கு இல்லாதது இது ஒன்றுதான்.

இடமும் வேலையும் கொடுக்க முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை. தமிழ்நாடு தீயணைப்புப் பணி 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, இடையூறாக நிற்பவர்களை அப்புறப்படுத்தவும் தெருவை அடைக்கவும் அருகிலுள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளவும் தீயணைப்பு அலுவலருக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தைச் செயல்படுத்த நான்கைந்து வீரர்களால் தனியாக முடியாது. அவர்கள் குழாயைப் பிடிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்தான் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எந்தச் சாயப்பட்டறையில் தொட்டி நிறைந்திருக்கிறது, லாரி திரும்ப எங்கே இடமிருக்கிறது என்பதைச் சொல்ல முடியும். சாலை முக்கில் நின்று பைக்குகளை நிறுத்தவிடாமல் செய்ய இரண்டு இளைஞர்கள் போதும். மின்வாரியத்துக்குச் சொல்லி டிரான்ஸ்பார்மரை நிறுத்தவைக்க ஒருவர் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மில் வளாகத்திலேயே தங்கி வேலை செய்கிறவர்கள் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்கிக்கொண்டிருக்கலாம். வருகைப் பதிவேடு அலுவலகத்தோடு எரிந்துகொண்டிருக்கும்போது, அந்த அறையில் எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் எதிரே டீக்கடை நடத்துகிறவராகத்தான் இருப்பார். வெளியே வந்து நிற்கும் தொழிலாளியிடம் இந்தியில் கேட்டு வீரர்களுக்குத் தமிழில் சொல்லக் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் இருப்பார். 2025 ஜூலையில் திருப்பூரில் தகரக் கொட்டகை வீடுகள் நாற்பதுக்கும் மேல் சிலிண்டர் வெடித்து எரிந்துபோன நிகழ்வில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போயிருந்ததால் உயிரிழப்பு இல்லை. இரவில் அது நடந்திருந்தால் அண்டை வீட்டார் சொல்லும் கணக்கைத் தவிர வேறு எதையும் நம்பியிருக்க முடியாது.

கூட்டம் கலைந்து போன பிறகும் விபத்து முடிந்துவிடுவதில்லை. தீயணைப்பு நிலைய அலுவலரின் அறிக்கை, மின் ஆய்வாளரின் பார்வை, காப்பீட்டுச் சர்வேயரின் கணக்கு என்று மூன்று விசாரணைகள் தொடங்கும். எல்லாவற்றிலும் விடை தெரிய வேண்டிய முதல் கேள்வி தீ எங்கே தொடங்கியது என்பதுதான். கூரை விழுந்து, ஜேசிபி புரட்டிப் போட்ட பின்னர் அந்த இடம் கண்டுபிடிக்க முடியாதபடி அழிந்துவிடுகிறது. அறிக்கையில் "மின்கசிவு காரணமாக இருக்கலாம்" என்ற வழக்கமான வரி வந்து அமர்ந்துகொள்கிறது. அடுத்த ஆண்டு அதே வகை மில்லில் அதே வகையில் தீ பற்றுவதற்கு அந்த வரியும் ஒரு காரணம். ஆனால் முதல் பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தவர்களின் செல்போனில், எந்த ஜன்னலில் முதலில் வெளிச்சம் தெரிந்தது, புகை வெள்ளையா கறுப்பா, எந்த ஷட்டர் திறந்திருந்தது, கூரை எந்தப் பக்கம் முதலில் இறங்கியது என்பதெல்லாம் நேரத்தோடு பதிவாகியிருக்கும். அந்தப் படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு நாள் சுற்றிவிட்டு மறைகின்றன. எடுத்தவர்கள் அவற்றைச் சுருக்காமல், வெட்டாமல், எடுத்த நேரம் தெரியும்படி அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நிலைய அலுவலரும் அவற்றைக் கேட்டு வாங்குவதை விசாரணையின் முதல் நாள் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.